கேலரியே எடுத்துப் பாடும் கால்பந்துப் பாட்டு: மெட்டிலிருந்து மைதான ஸ்பீக்கர் வரை

உலகக் கோப்பை அளவிலோ, நாலு நாட்டு அணிகள் மோதும் சின்னப் போட்டி அளவிலோ, கால்பந்துக்கு அதிகாரபூர்வப் பாட்டு செய்யும் வேலை கைக்கு வந்தால், கீபோர்டைத் திறக்கும் முன் ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வேண்டியது பாட்டா, கீதமா, அணிகள் களத்துக்குள் வரும்போது ஒலிக்கும் இசையா? மூன்றுக்கும் நீளம் வேறு, வேகம் வேறு, கூப்பிட வேண்டிய ஆட்களும் வேறு.

பாட்டு என்பது வானொலிக்கும் கைப்பேசிக்கும் தொடக்க விழா மேடைக்கும் போவது. மூன்று, மூன்றரை நிமிடம். காலை ஆட்டவைக்கும் தாளம். கீதம் நிதானமானது, விழாத் தோரணை கொண்டது. 1998 பிரான்ஸ் உலகக் கோப்பையில் ரிக்கி மார்ட்டின் பாடிய 'லா கோப்பா டி லா விடா' பாட்டு. யூசு என்டூரும் ஆக்செல் ரெட்டும் சேர்ந்து பாடியது கீதம். 2002இல் அனஸ்டேசியாவின் 'பூம்' பாட்டு. கீதத்தை வாஞ்சலிஸ் வெறும் இசையாகவே செய்துகொடுத்தார். 2010இல் ஷகீராவின் 'வாக்கா வாக்கா'வுக்குப் பக்கத்திலேயே ஆர். கெல்லி பாடிய ஒரு கீதமும் இருந்தது. அது இப்போது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும் என்பது வேறு விஷயம்.

அணிகள் வரும்போது ஒலிப்பது பெரும்பாலும் அமைப்பின் சொத்து. ஃபிரான்ஸ் லாம்பர்ட் இசையமைத்த ஃபிஃபா கீதம் 1994இல் அறிமுகமாகி, போட்டிக்குப் போட்டி மாறாமல் ஒலித்தது. ஐரோப்பிய கிளப் அணிகளின் சாம்பியன்ஸ் லீக் கீதமும் அதே வகைதான். ஹேண்டல் 1727இல் இங்கிலாந்து மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு எழுதிய இசையைத் தழுவி டோனி பிரிட்டன் 1992இல் செய்தது அது. இந்த வேலை தேடி வருவது அபூர்வம். இனி வருவதெல்லாம் பாட்டைப் பற்றியது.

பாட்டுக்குத் தேர்வு ஒன்றுதான்: ஸ்பீக்கரை அணைத்துவிட்டால் கேலரி அதைத் தொடர்ந்து பாடுமா? 1996 யூரோ கோப்பையின் அதிகாரபூர்வப் பாட்டு சிம்ப்ளி ரெட் குழுவுடையது. மக்கள் வாயில் நின்றதோ இங்கிலாந்து அணிக்காக எழுதப்பட்ட 'த்ரீ லயன்ஸ்'. கோப்பையை வென்று ஊர் திரும்பிய ஜெர்மனி ஆட்டக்காரர்களே அதைப் பாடினார்கள். ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் 'செவன் நேஷன் ஆர்மி' கால்பந்துக்காக எழுதப்பட்டதே அல்ல. 2003இல் பெல்ஜியத்தின் கிளப் ப்ரூஹ ரசிகர்கள் அதன் கிட்டார் மெட்டைப் பிடித்துக்கொண்டார்கள். 2006இல் இத்தாலி ரசிகர்கள் உலகக் கோப்பை முழுக்கப் பாடித் தீர்த்தார்கள். அதிகாரபூர்வ முத்திரை மட்டும் ஒரு பாட்டை மைதானத்தில் வாழவைக்காது.

தூரக் கணக்கு

ஸ்டுடியோவில் நன்றாக இருக்கும் பாட்டு மைதானத்தில் குழம்பிப்போவதற்கு முதல் காரணம் ஒலியின் வேகம். ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். சர்வதேச ஆட்டக்களம் 105 மீட்டர் நீளம். இரு கோல்களுக்கும் பின்னால் இருக்கும் கேலரிகளையும் சேர்த்தால் 150 மீட்டரைச் சுலபமாகத் தாண்டும். அதாவது இந்தப் பக்கம் பாடுவது அந்தப் பக்கம் போய்ச் சேர 0.44 வினாடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டு 0.5 வினாடி. ஆக, எதிர்க் கேலரி உங்களைவிடக் கிட்டத்தட்ட ஒரு தட்டு பின்னால் நிற்கிறது. ஸ்பீக்கர்களைச் சுற்றிலும் தொங்கவிட்டு நேரத்தைச் சரிசெய்தாலும், கூட்டத்தின் குரலுக்கு அந்த வசதி கிடையாது.

இதற்கு மருந்து மெட்டிலேயே இருக்க வேண்டும். பல்லவியின் கொக்கி வரி, அதாவது எல்லோரும் பாட வேண்டிய அந்த ஒரே வரியில், எந்தச் சுரமும் அரைத் தட்டுக்குக் குறையக் கூடாது. வரியின் கடைசிச் சுரங்கள் ஒன்றரை, இரண்டு தட்டுக்கு நீளட்டும். வரி முடிந்ததும் இரண்டு தட்டு வெறுமையாக விடுங்கள். பின்தங்கிய பக்கம் வந்து சேர அதுதான் இடம். 'செவன் நேஷன் ஆர்மி'யின் மெட்டை எடுத்துப் பாருங்கள். மொத்தம் ஏழு சுரம். கடைசி இரண்டும் தலா இரண்டு தட்டு நீளம். அறுபதாயிரம் பேர் முன்னும் பின்னுமாகப் பாடினாலும் அந்த நீண்ட சுரங்களில் எல்லோரும் ஒன்றாகிவிடுகிறார்கள். சரணத்தில் ராப் வைக்கலாம், தடையில்லை. கொக்கி வரியில் ராப் வைத்தால் கேலரிக்கு அது வெறும் இரைச்சல்.

வேகம் 120இலிருந்து 130க்குள் வைப்பது பாதுகாப்பு. 'வாக்கா வாக்கா' 127ஐ ஒட்டி ஓடுகிறது. 135ஐத் தாண்டினால் கைதட்டு சிதறும். கூட்டம் எப்போதுமே கொஞ்சம் வேகம் பிடிக்கும், தட்டத் தட்ட ஓடும். நிதானமாகத் தொடங்கி வேகமெடுக்கும் கைதட்டலை 2016 யூரோவில் ஐஸ்லாந்து ரசிகர்கள் காட்டினார்கள். அதை அப்படியே பாட்டுக்குள் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். அதற்கு ஒரு தலைவனும் பெரிய முரசும் நேரில் வேண்டும். பதிவான பாட்டின் வேகம் கூட்டத்துக்காகக் காத்திருக்காது.

சுருதி

கொக்கி வரி ஐந்தாறு சுரத்துக்குள் அடங்கட்டும். அதிகபட்சம் ஒரு ஸ்தாயி. அமெரிக்க தேசிய கீதம் ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் ஒரு பஞ்சமமும் ஏறி இறங்கும். அதனால்தான் மைதானங்களில் தனிப்பாடகர் ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்துகிறார்கள். 'செவன் நேஷன் ஆர்மி'யின் மெட்டு ஆறு சுர அகலம்தான்.

எந்தக் கட்டையில் வைப்பது? கீபோர்டின் நடு ஸி-யிலிருந்து எண்ணினால் ஒன்பதாவது வெள்ளைக் கட்டை (அந்த ஸி முதலாவது) உச்சம். நடு ஸி-க்குக் கீழே இரண்டாவது வெள்ளைக் கட்டை அடி. பெண்களும் சிறுவர்களும் இந்த இடத்தில் பாடுவார்கள். ஆண்கள் தானாகவே ஒரு ஸ்தாயி கீழே பிடித்துக்கொள்வார்கள். நட்சத்திரப் பாடகர் தன் குரல் பளிச்சிட வேண்டும் என்று இரண்டு கட்டை ஏற்றச் சொல்வார். அது நிச்சயம் நடக்கும். ஏற்றம் முழுவதையும் சரணத்துக்கும் அனுபல்லவிக்கும் தள்ளிவிடுங்கள். பல்லவியில் அவர் மேலே அலங்காரம் செய்யலாம். அடிப்படை மெட்டைக் கோரஸ் கீழேயே வைத்திருக்கட்டும்.

போட்டி நடக்கும் நாட்டில் ரசிகர்கள் என்ன வாத்தியம் கொண்டுவருகிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். 2010 தென்னாப்பிரிக்காவில் வுவுசேலா ஊதல் ஆட்டம் முழுக்க ஒலித்தது. அதன் சுருதி சுமார் 233 ஹெர்ட்ஸ், நம் கணக்கில் ஆறரைக் கட்டை. அதற்கு அரைக் கட்டை மேலேயோ கீழேயோ ஒரு பாட்டின் ஆதார சுருதி இருந்திருந்தால் ஆட்டம் முழுக்க அபசுரம்தான்.

சொல்லும் உயிரும்

கேலரிக்கு எழுதும்போது அர்த்தத்தைவிட உயிரெழுத்து முக்கியம். நீட்டிப் பிடிக்கும் இடத்தில் ஆ, ஓ, ஏ வர வேண்டும். ஈ, ஊ இரண்டிலும் வாய் குறுகிவிடும், சத்தம் வெளியே வராது. வரியை ம், ன், ல் என்று மெய்யில் முடித்தால் முடிவே காதில் விழாது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது தினசரிச் சிக்கல்: நம் வினைமுற்றுகளில் பாதி ஆன், ஆள், ஓம் என்று முடிகின்றன. 'வெல்வோம்' என்பதை இரண்டு தட்டு நீட்டிப் பாடச் சொன்னால் 'வோ' கேட்கும், 'ம்' காணாமல் போகும். அது பரவாயில்லை. 'வெற்றி' என்று முடித்தால்தான் ஆபத்து: குறில் இகரம், நீட்டினால் கீச்சென்று ஆகும். 'வா', 'வாடா', 'போ', 'ஏலோ' போன்றவை தங்கம்.

பல நாட்டு ரசிகர்கள் பாட வேண்டும் என்பதால் கொக்கியில் அர்த்தமில்லாத ஒலியோ, போட்டி நடத்தும் நாட்டின் ஓரிரு சொல்லோ வைப்பது வழக்கம். ரிக்கி மார்ட்டின் ஸ்பானிஷ் பாட்டுக்குள் 'ஆலே' என்று பிரெஞ்சுக் கூவலை வைத்தது பிரான்ஸில் போட்டி நடந்ததால். 2022 கத்தார் பாட்டு 'ஹய்யா ஹய்யா'வில் அரபிச் சொல் நின்றது. 2010இல் சோமாலியாவில் பிறந்த கனடியப் பாடகர் கெய்னானின் 'வேவின் ஃப்ளாக்' பாட்டைக் கோக்கா கோலா விளம்பரப் பாட்டாக எடுத்துக்கொண்டபோது, கோரஸின் 'ஓ' முழக்கத்தை வைத்துக்கொண்டு வெவ்வேறு நாட்டுப் பாடகர்களை அவரோடு சேர்த்து அவரவர் மொழியில் பதிப்புகள் வெளியிட்டார்கள். அதை ஃபிஃபாவின் அதிகாரபூர்வப் பாட்டு என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள்.

எழுதக் கூடாதவையும் உண்டு. ஆண்டு எண் வேண்டாம். அடுத்த ஆண்டே பாட்டு பழசாகும். ஒரு நாட்டின் வெற்றியைப் பாடாதீர்கள். போட்டி எல்லோருடையது, தோற்ற அணியின் ரசிகனும் அதே கேலரியில்தான் உட்கார்ந்திருக்கிறான். எழுதி முடித்ததும் வரிகளை இரண்டு கல்லூரிப் பையன்களிடம் கொடுத்துக் கேலியாக மாற்றிப் பாடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் அசிங்கமாக மாறும் வரியை இப்போதே மாற்றிவிடுவது நல்லது. எதிரணி ரசிகர்கள் அதைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்.

நிமிடக் கணக்கு

ஒரு பார் என்பது நாலு தட்டு. 126 வேகத்தில் எட்டு பார் என்பது ஏறக்குறைய 15 வினாடி. இந்த 15 வினாடியை அலகாக வைத்துக்கொண்டு பாட்டை அடுக்குங்கள். முதல் எட்டு பாரிலேயே தாளமும் கொக்கியும் வந்துவிட வேண்டும். மெதுவாகத் திறக்கும் பியானோ முன்னிசை மைதானத்தில் யாருக்கும் கேட்காது. சரணம் எட்டு பார், பல்லவிக்கு இட்டுச்செல்லும் ஏற்றப் பகுதி நாலு பார், பல்லவி பதினாறு பார். இரண்டு சுற்று முடிந்ததும், கடைசிப் பல்லவிக்கு முன்னால், சுரவாத்தியங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முரசும் கைதட்டும் கூட்டக் குரலும் மட்டும் எட்டு பார் ஓடட்டும். மைதானம் பாட்டைக் கையில் எடுத்துக்கொள்ளும் இடம் அது. தொலைக்காட்சிக்காரர்கள் இடைவேளைக்கு வெட்டுவதும் இந்தப் பகுதியைத்தான்.

கூட்டம் தனியாகப் பாடும்போது என்ன ஆகும் என்பதற்கு 2014 பிரேசிலைப் பாருங்கள். தேசிய கீதத்துக்கு ஃபிஃபா ஒதுக்குவது 90 வினாடி. பிரேசில் கீதம் அதைவிட நீளம், பதிவு பாதியில் நின்றுவிடும். ரசிகர்களும் ஆட்டக்காரர்களும் நிறுத்தாமல் இசையில்லாமலே மீதியைப் பாடி முடித்தார்கள். சிலி ரசிகர்களும் அப்படியே செய்தார்கள். சுருதியும் வேகமும் லேசாக நழுவும், யாருக்கும் கவலையில்லை. கடைசிப் பல்லவிக்காக மீண்டும் வாத்தியங்களைக் கொண்டுவரும்போது ஒரு பார் நீளத்துக்கு முரசு உருட்டல் வையுங்கள். நழுவிய கூட்டம் அதைக் கேட்டுத் தாளத்துக்குத் திரும்பும்.

பன்னிரண்டு பேரில் ஒரு கேலரி

கூட்டக் குரலை ஆயத்த ஒலிக் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் கேட்டவுடனே தெரிந்துவிடும். 2016 யூரோ பாட்டுக்கு டேவிட் குவெட்டா ரசிகர்களையே குரல் அனுப்பச் சொல்லித் திரட்டினார். அந்த வசதி இல்லாவிட்டால் பன்னிரண்டு பேர் போதும். ஆண், பெண், இரண்டு மூன்று சிறுவர்கள் கலந்து இருக்கட்டும். தேர்ந்த பாடகர்கள் மூவருக்கு மேல் வேண்டாம்; எல்லோரும் பாடகர்களாக இருந்தால் தேவாலய சேர்ந்திசை மாதிரி ஆகிவிடும்.

மைக்குகள் இரண்டு, ஆட்களிடமிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி. எட்டு தடவை பதியுங்கள். அது 96 பேரின் சத்தம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏதாவது மாற வேண்டும்: முதல் இரண்டு இயல்பாக, அடுத்த இரண்டு ஒரு ஸ்தாயி கீழே, பிறகு இரண்டு தொண்டை கிழியக் கத்தி, ஒன்று கைதட்டும் காலடியும் மட்டும், கடைசி ஒன்று ஒரு மீட்டர் பின்னால் தள்ளி நின்று கொஞ்சம் சுருதி பிசகி. ஒவ்வொரு தடவைக்கும் ஆட்கள் இடம் மாற வேண்டும். அதே ஆள் அதே இடத்தில் நின்று எட்டு தடவை பாடினால் குரல்கள் ஒன்றையொன்று தின்று, குழாய்க்குள் பாடுவதுபோல் ஆகும்.

'ஸ்', 'ச்' வரும் சொல்லை இருவர் மட்டும் முழுதாக உச்சரிக்கட்டும், மற்றவர்கள் அதை விழுங்கிவிடட்டும். எல்லோரும் சொன்னால் பாம்புச் சீறல் வரிசையாகக் கேட்கும். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுகிறவர்கள் திறந்திருக்கும் பக்கத்தைத் தலையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தாளம் காட்டும் கிளிக் சத்தம் மைக்கில் ஏறிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. பதிந்த பிறகு சுருதி திருத்தும் மென்பொருளைக் கூட்டக் குரல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தாளக் கட்டத்துக்கு இழுத்து ஒட்டவும் வேண்டாம். அந்தச் சிதறல்தான் கூட்டம்.

மிக்ஸ்

மைதானத்துக்கென்று தனி மாஸ்டர், அதாவது இறுதிப் பதிப்பு, செய்யுங்கள். பெரும்பாலான மைதான ஸ்பீக்கர்கள் மோனோ, அதாவது இடம் வலம் பிரிக்காமல் ஒரே ஒலியைத் தருபவை. இடம் வலமாக விரித்து வைத்த சிந்த் ஒலிகள் மோனோவில் சேரும்போது பாதி மறைந்துவிடும். அதனால் மிக்ஸ் செய்யும்போதே மோனோ பொத்தானை அடிக்கடி அழுத்திப் பாருங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அது கேலரிக் கூரைக்கடியில் உறுமல் மட்டுமே. கிக் டிரம்மின் தட்டுச் சத்தம் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தெரியட்டும். குரலில் எதிரொலி போடாதீர்கள், மைதானமே வேண்டிய அளவு போட்டுத் தரும். குரலை வானொலிப் பதிப்பைவிட 2 டெசிபல் தூக்குங்கள்.

சோதிக்க மைதானம் கிடைக்காவிட்டால் திருவிழாவில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, காலி வாகன நிறுத்தத்தில் வைத்து, நூறடி தள்ளி நின்று கேளுங்கள். கொக்கி வரியின் சொல் புரிந்தால் பாஸ். இசைச் செயலிகளுக்கான பதிப்பு -14 எல்யுஎஃப்எஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவில், உச்சம் -1 டெசிபலைத் தாண்டாமல். ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு -23.

உரிமைக் காகிதம்

இங்கேதான் நல்ல பாட்டுகள் மாட்டிக்கொள்கின்றன. 'வாக்கா வாக்கா'வின் கொக்கி, கேமரூனின் கோல்டன் சவுண்ட்ஸ் குழு 1986இல் வெளியிட்ட 'ஸங்கலேவா'விலிருந்து வந்தது. அந்தக் குழுவினர் பெயர்களும் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் இருக்கின்றன. நாட்டார் மெட்டு, மைதானக் கூவல், பழைய படப்பாட்டின் ஒரு வரி, எதை எடுத்தாலும் அதற்கு உரிமையாளர் உண்டா என்று பதிவுக்கு முன்பே தேடுங்கள். 'எல்லோரும் பாடுவதுதானே' என்பது பதில் ஆகாது. மெட்டு, வரி ஆகியவற்றின் உரிமை ஒன்று. பதிவின் உரிமை இன்னொன்று. இந்தியாவில் முதலாவதை ஐபிஆர்எஸ் என்ற அமைப்பும் இரண்டாவதைப் பிபிஎல் என்ற அமைப்பும் கவனிக்கின்றன. யாருக்கு எத்தனை சதவீதம் என்ற தாளில் எழுதியவர், இசையமைத்தவர், ராப் எழுதியவர் எல்லோரும் பதிவு நாளன்றே கையெழுத்திடட்டும். பாட்டு ஹிட் ஆன பிறகு யாருக்கும் ஞாபகம் ஒத்துப்போகாது.

அதிகாரபூர்வ ஒப்பந்தம் இல்லாமல் நீங்களாகவே உலகக் கோப்பைக்குப் பாட்டு செய்தால், தலைப்பிலும் படத்திலும் ஃபிஃபா பெயர், சின்னம், கோப்பை உருவம், மஸ்காட் எதுவும் வரக் கூடாது. பந்து, கேலரி, கொடி என்று பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியீடும் ஒலிக்கும் இடமும்

'வாக்கா வாக்கா' 2010 மே மாதத் தொடக்கத்தில் வந்தது. போட்டி தொடங்கியது ஜூன் 11. நாலைந்து வாரம் சரியான இடைவெளி. 2022இல் முதல் பாட்டு ஏப்ரல் 1 அன்றே வெளியாகி, அடுத்தடுத்து வேறு பாட்டுகளும் வந்து, தொடக்க விழாவில் ஜங் குக் பாடிய 'ட்ரீமர்ஸ்' வரை ஒரு தொகுப்பாகவே ஆனது. விற்பனைக்கு அது நல்ல வழியாக இருக்கலாம். கேலரிக்கு ஒரே ஒரு பாட்டு போதும். ஐந்தைக் கொடுத்தால் எதையும் மனப்பாடம் செய்யாது.

மைதானத்தில் ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே பகுதியை அதே நேரத்தில் போடச் சொல்லுங்கள். ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது முழுப் பாட்டு, வரிகள் பெரிய திரையில். இடைவேளை முடியும் நேரத்தில் முரசும் கூட்டக் குரலும் உள்ள பகுதி. தேசிய கீதங்களை ஒட்டி முன்னாலும் பின்னாலும் வேண்டாம்.

ஒலிக் கட்டுப்பாட்டு அறைக்கு நாலு கோப்பு போக வேண்டும்: முழுப் பாட்டு, குரலில்லாத பதிப்பு, 30 வினாடி வெட்டு, கோலுக்கான 15 வினாடி வெட்டு. நாலும் முதல் தட்டிலேயே தொடங்க வேண்டும், முன்னால் அரை வினாடி அமைதிகூட இருக்கக் கூடாது. கோல் வெட்டை எப்போது அழுத்துவது என்பதை இயக்குபவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: பந்து வலைக்குள் போனதும் அல்ல, நடுவர் மைய வட்டத்தைக் காட்டிய பிறகு. விஏஆர் (வீடியோ பார்த்துச் சரிபார்க்கும் நடுவர்) பார்த்துக்கொண்டிருக்கிறது என்று திரையில் வந்தால் கையைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட வேண்டும். ரத்தான கோலுக்குப் பாட்டு ஓடிவிட்டால் அன்றைக்கு அந்த மைதானத்தில் அதை மறுபடி போட முடியாது, ஊளையிடுவார்கள்.